முதற்பாடம் யாருக்கு?



பருவநிலை கெட்டுப்போனதற்கு மருந்தாக, செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு மக்களுக்குச் சுற்றுச்சூழல் கல்வி புகட்டலாம் என்றொரு யோசனை படித்தவர் சபைகளில் பேசப்படுகிறது. கைப்பேசியில் கேட்டால் இயந்திரம் பதில் சொல்லுமாம். பிள்ளையின் தரமறிந்து பாடம் நடத்துமாம். கல்விக்கு நாம் பகைவர் அல்லர். 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் ஒப்பந்தத்தின் 12ஆவது பிரிவும் பருவநிலைக் கல்வியை வற்புறுத்துகிறது. ஆனால் நாம் கேட்பது ஒன்றே: இந்தக் கேடு யாருடைய அறியாமையால் வந்தது?

2005 ஆகஸ்டு 11ஆம் தேதியை மறக்க முடியுமா? காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை பிறப்பிக்கப்பட்ட நாள் அது. சுமாத்திராவில் எரிந்த நெருப்பின் புகை நம் நெஞ்சை அடைத்தது. பால்மரம் வெட்டுபவனா அங்கே தீ வைத்தான்? பெரட்டுக் களத்தில் பெயர் பதியும் கிராணியா வைத்தார்?

நம் பக்கத்தையும் பார்ப்போம். சுங்கை புரோங், தஞ்சோங் காராங் வயல்களுக்கு அப்பால், 70,000 ஹெக்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது வட சிலாங்கூர்ச் சதுப்புக் காடு. இலையும் வேரும் மக்கிச் சேர்ந்த மண் அது. நீரில் ஊறியிருக்கும்வரை கரியைத் தன்னுள் பூட்டி வைக்கும். மழைநீரைத் தேக்கி வயலுக்கு உதவும். கால்வாய் வெட்டி நீரை வடித்தால் மண் காயும், அமிழும். தீப்பிடித்தால் அடியிலேயே நாள்கணக்கில் புகையும். ராஜா மூசா வனத்தில் நடந்தது இதுதான். அங்கே 2008 முதல் வன இலாகாவும் தொண்டர்களும் செய்துவரும் வைத்தியம் என்ன? கால்வாயை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துவதும், மரம் நடுவதும்தான்!

நிலத்தை வடிக்க உத்தரவிடுவோர் படிக்காதவர்களா? ஊருக்கு உபதேசம் செய்வோர் முதலில் அவர்களுக்கல்லவா பாடம் நடத்த வேண்டும்? அந்த இயந்திரத்துக்கும் பசி உண்டு. அதை இயக்கும் தரவு நிலையங்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் குடிக்கின்றன. அந்தச் செலவையும் தராசில் வைக்கத்தான் வேண்டும்.

பயனே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. விடியலில் மழை வருமா என்பதை முதல்நாள் இரவே நம் தமிழில் சொன்னால், வெட்டிய பால் கோப்பையில் கரைந்தோடாமல் தப்பும். வெயில் மயக்கத்துக்கு முதலுதவி சொன்னால் உயிர் தப்பும். ஆனால் மழையென்று அறிந்து வீட்டிலிருந்தால் அன்றைய அடுப்பை எந்தக் கருவி எரிக்கும்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

சதுப்பு நிலத்தை வடிப்பது நிற்க வேண்டும்.

மழையாலும் புகையாலும் வேலை நின்ற நாளுக்கு முழுக்கூலி வேண்டும்.

கொளுத்தும் வெயிலில் நிழலும் குடிநீரும் ஓய்வும் வேண்டும்.

பிறகு கருவி வரட்டும்; தமிழிலும் வரட்டும்; அதில் என்ன பாடம் என்று தீர்மானிக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதியும் அமரட்டும்.

இந்த வரிசையை மாற்றி, கருவியை முதலில் நீட்டி மற்றதைத் தள்ளிப்போட்டால் ஏமாறமாட்டோம். கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்!