டார்ச் வெளிச்சத்தில் தெரியாத காசநோய்

வாய்ப்புண்ணுக்கெல்லாம் பயாப்சி எழுதுவது பணம் பறிக்கும் வேலை என்று சென்ற இதழில் சாடியிருக்கிறார் ஒரு மருத்துவர். அனுபவம் உள்ளவர் டார்ச் அடித்துப் பார்த்தாலே காசநோயா, புற்றா, வெறும் சூட்டுப் புண்ணா என்று சொல்லிவிடலாமாம். காசநோய்க் கிருமியைக் கண்ணால் காண 1882இல் ராபர்ட் காக்குக்கே சாயமும் நுண்ணோக்கியும் வேண்டியிருந்தன. நம்மவருக்கு டார்ச் போதும்!

நாக்கின் ஓரத்தில் ஒரு புண். விளிம்பு கோணல்மாணலாக, அடியில் குடைந்துபோய்; தரை சாம்பல் பூத்து; தொட்டால் உயிர் போகிறது. காசநோய்க்குப் பாடப்புத்தகம் காட்டும் படம் இது. ஆனால் நாக்குப் புற்று வருவதும் பெரும்பாலும் அதே ஓரத்தில்தான். உடைந்த கடைவாய்ப் பல் உரசி வரும் புண்ணும் அங்கேதான். சிஃபிலிஸும், ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்னும் பூஞ்சை நோயும் இதே வேஷம் கட்டும். பல்லின் கூரைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். ஆறாவிட்டால் சதையை எடுத்துப் பாருங்கள். இதில் வியாபாரம் எங்கே இருக்கிறது?

வாயில் காசநோய் அபூர்வம், தேடுவது வீண் என்கிறார். அபூர்வம்தான். ஆனால் அது பெரும்பாலும் நுரையீரலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட நோயின் கிளை. நாக்கில் களிம்பு தடவி அனுப்பப்படுகிறவர் இருமிக்கொண்டே பிள்ளைகள் நடுவே போய்ப் படுக்கிறார். ஒரு மார்பு எக்ஸ்ரே, ஒரு சளிப் பரிசோதனை கேட்கவும் இவருக்கு மனமில்லை.

காசநோய்க்குச் சோதிக்கும் மான்டூ ஊசியில் கை தடித்தால் மருந்தைத் தொடங்கலாமாம். கிருமி எப்போதோ உடம்பில் நுழைந்து தூங்கினாலும் கை தடிக்கும். பிசிஜி தடுப்பூசி போட்டவருக்கும் தடிக்கலாம். நாக்கில் இருப்பது என்ன என்று அந்தத் தடிப்புக்கு எப்படித் தெரியும்? ‘மாத்திரை கொடுத்துப் பார்ப்போம்’ என்று காத்திருக்கும் மாதங்களில், புண் புற்றாக இருந்தால் கழுத்து நெறிக்கட்டிக்குப் போய்விடும்.

பயாப்சி எடுத்தும் கிருமி தெரிவதில்லை என்பது அவருடைய கடைசி அம்பு. வாய்ச் சதையில் கிருமி சொற்பம்; சாயத்தில் சிக்காமல் போவது உண்டு. அதற்காக நோயே இல்லை என்று ஆகிவிடாது. எடுத்த சதையை முழுவதும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டால் கிருமி செத்துவிடும். பிறகு வளர்ப்புச் சோதனையில் எது வளரும்? ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு சலைனில் போக வேண்டும். முதல் துண்டு காசநோயில் காணும் கிரானுலோமா என்னும் செல் திரளைக் காட்டும், புற்றென்றால் அதையும் காட்டும். இரண்டாவதை சிபிநாட் இயந்திரத்தில் வைத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். பாட்டிலை மாற்றியது யார் தவறு, பயாப்சியின் தவறா?

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை டார்ச்சோடு விடாதீர்கள். சதையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பணம் பறிப்பு என்று பயமுறுத்துகிறவர் சொல்லாமல் விட்டது இது: அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் இலவசம், ஆறு மாத மருந்தும் இலவசம்.