கச்சேரிச் சுவரும் உள்ளூர்ச் சித்திரமும்

புத்தளம் கரையோரத்திலே அரசாங்க அலுவலகம் ஒன்றினுள் காணி விஷயமாகவோ, பிறப்புச் சான்றிதழ் பெறவோ, ஓய்வூதியக் கோவையைத் தேடியோ காலையில் புகுந்து, இலக்கச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை வாங்கிலே அமர்ந்திருக்கும் சாமானிய மனிதரின் கண்ணுக்கு எதிரே அகப்படுபவை, பெரும்பாலும், ஒரு மணிக்கூடு, சென்ற வருடத்து வங்கி நாட்காட்டி, பதவியில் உள்ளவர்களின் புகைப்படங்கள், அமைதி காக்கும்படி கேட்கும் அறிவித்தல் ஆகியவைதாம். இந்தச் சுவர்களிலே இப்பிரதேசத்து ஓவியர்களின் சித்திரங்களும், கூடங்களின் மூலைகளிலே இப்பிரதேசத்துச் சிற்பிகளின் வேலைப்பாடுகளும், செய்தவரின் பெயரோடும் அவருக்கு உரிய சன்மானத்தோடும், வருடம் முழுவதும் இடம்பெறவேண்டும் என்பதே நான் சொல்ல வந்த விஷயம். சாகித்திய விழாவுக்காக இரண்டு நாள் மேசைகளை அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, பிரதம அதிதி நாடா வெட்டிப் போனபின் எல்லாவற்றையும் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிற வழக்கத்தை நான் கண்காட்சி என்ற கணக்கிலே சேர்ப்பதில்லை.

அப்படிக் காட்டுவதற்கு இங்கே கலைஞர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு, அவர்கள் தினந்தோறும் கடந்துபோகும் வழியிலேயே விடை இருக்கிறது. முன்னேசுவரத்திலும் உடப்பிலும் திருப்பணி நடக்கும் காலங்களிலே சாரத்தில் ஏறி நின்று சுதை பிசைபவரும், சுவாமி வாகனத்துக்கு வர்ணம் தீட்டுபவரும், கற்பிட்டி முதல் வென்னப்புவ வரையுள்ள கத்தோலிக்க ஆலயங்களிலே நிறம் மங்கிய சுரூபங்களைப் புதுப்பித்துக் கொடுப்பவரும், வள்ளத்தின் அணியத்திலே பெயரும் பூவும் எழுதுபவரும், கடைப் பெயர்ப்பலகை எழுதிக் குடும்பத்தைக் காத்து வந்து, கணினியில் அச்சிட்ட பதாகைகள் வந்த பிற்பாடு தூரிகையைக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டவரும் கலைஞர்களே அன்றி வேறு யார்? இவர்களோடு, ஓய்வு நேரத்திலே தமக்காக வரைந்துகொள்ளும் பாடசாலைச் சித்திர ஆசிரியர்களையும், மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம், மட்டக்களப்பிலுள்ள சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம், கொழும்பிலுள்ள கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலே பயின்றுவிட்டு, ஊருக்குத் திரும்பி என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் இளையவர்களையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். அரசாங்கம் இத்தகையோரை அறவே மறந்துவிட்டது என்று சொல்லுவதற்கில்லை. அறுபது வயதைக் கடந்த பிறகு கலாபூஷண விருது என்றொரு கௌரவம் வருகிறது. ஆனால் விருது பெற்றவரின் படைப்பு எதுவென்று கேட்டால், கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டித்தான் காட்டவேண்டியிருக்கிறது.

கலைக்கூடம் என்றாலே கொழும்பு என்று எண்ணிப் பழகிவிட்டோம். இலங்கைக் கலைச் சங்கம் 1891-ல் அங்கேதான் தோன்றியது, 1943-ல் அதன் போக்கை மறுத்து லயனல் வெண்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ் முதலியோர் கூடி ‘43 குழுவை அமைத்ததும் அங்கேதான், வெண்டின் பெயரால் 1953-ல் திறக்கப்பட்ட கலையரங்கும் அங்கேதான் உள்ளது. புத்தளத்திலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் பிரயாணம் செய்து, ஒரு நாட் கூலியை இழந்து, சித்திரம் பார்க்கப் போகும் உப்பளத் தொழிலாளியை நான் இதுவரை சந்தித்ததில்லை. எனினும் அதே கீற், 1939, 1940-ம் ஆண்டுகளிலே, பொரளையிலுள்ள கோதமி விகாரையின் சுவர்களில் புத்தர் சரிதத்தைத் தீட்டியபோது, கலைக்கூடத்தின் வாசற்படியையே மிதித்திராத ஜனங்களும் நவீன சித்திரத்தைக் கண்டார்கள். வழிபட வந்தவர்கள் கண்டுகொண்டு போனார்கள். வேறு அலுவலாக வருகிறவனுடைய கண்ணிலே கலையைப் படவைப்பது என்ற அந்தக் காரியத்தை, கோயிலுக்கு அடுத்தபடியாகச் செய்யக்கூடிய இடம் கச்சேரியும் வைத்தியசாலையும் நூலகமுமே.

இதற்கு நம்மவர்களிடையே முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1981-ல் தீக்கிரையாகிப் பின்னர் புனரமைக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே, 2004-ல், ‘அகம் புறம்’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடந்தது. ஓவியர் தா. சனாதனன் அங்கே குடாநாட்டு மக்களிடமிருந்து சேகரித்த அன்றாடப் பொருள்களைக் காட்சிக்கு வைத்தார். ஒவ்வொன்றும் அதைக் கொடுத்தவரின் யுத்தகால ஞாபகத்தைத் தாங்கியது. அப்பொருள்களுக்கு அந்தக் கட்டிடத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் உலகத்தின் எந்தப் பெரிய கலைக்கூடத்திலும் கிடைத்திருக்காது. ஏனெனில் அந்தச் சுவர்களே ஒரு சாட்சி. ஒரு பொதுக் கட்டிடத்துக்கும் அதன் ஜனங்களுக்கும் இடையில் ஏற்கெனவே உள்ள உறவு கலைஞனுக்குக் கிடைக்கும் பாதி மூலதனம் என்பதை அன்று யாழ்ப்பாணம் காட்டிற்று.

அதே சனாதனன் 2011-ல் வெளியிட்ட ‘முழுமையடையாத தோம்பு’ நூலைப் புத்தளத்தில் இருந்துகொண்டு புரட்டும்போது மனம் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. யுத்தத்திலே வீட்டை இழந்த தமிழ்பேசும் மக்கள் தங்கள் வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து தாமே வரைந்து கொடுக்கிறார்கள். கோணலும் மாணலுமான அந்தக் கோடுகளைக் கட்டிடக் கலைஞர் ஒருவர் அளவுக்கு உட்படுத்தி வரைகிறார். அவற்றின்மேல் ஓவியர் தமது சித்திரத்தை அமைக்கிறார். தோம்பு என்பது கற்பிட்டியிலே 1667 முதல் 1676 வரை கோட்டை கட்டிய ஒல்லாந்தர் வைத்திருந்த காணிப் பதிவேடு. 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களிலே மிகப் பலர் வந்து குடியேறியது இந்த மாவட்டத்திலேதான்; கிணறு எந்தப் பக்கம், முருங்கை எந்த மூலை, தொழுகைக்கு விரிக்கும் பாய் எந்த அறையில் என்று இன்றும் விரலாலே வரைந்து காட்டக்கூடிய முதியவர்கள் அவர்களிடையே வாழ்கிறார்கள். அவர்கள் கையால் வரைந்த தரைப்படங்களை, உள்ளூர் இளம் ஓவியர்களின் துணையோடு, மாவட்டச் செயலகத்திலே காணி அலுவலாக ஜனங்கள் காத்திருக்கும் கூடத்திலேயே மாட்டிவைத்தால், பல தலைமுறையாக இங்கேயே இருப்பவரும் வந்து சேர்ந்தவரும் ஒரே வாங்கிலிருந்து அதைப் பார்ப்பார்கள். இந்த ஒரு கண்காட்சிக்காக மட்டுமே நான் இக்கட்டுரையை எழுதியிருக்கலாம்.

இனி, இங்குள்ள உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், யாராவது ஓர் அதிகாரி நல்ல மனதோடு நாசம் செய்துவிடுவார். சோளகம் வீசும் மாதங்களிலே யன்னலைத் திறந்தால் மேசைமேல் வைத்த திறப்புக்கூடத் துருவேறும் ஊர் இது. சித்திரச் சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு மரத்துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓட இடம் விடாவிட்டால், மாரியில் சுவரூறும் ஈரம் துணியில் ஏறிப் பூஞ்சணம் பிடித்துவிடும். மேற்கு யன்னலுக்கு எதிரே மாட்டிய நீர்வர்ணப் படம் சில வருடங்களிலே வெளிறிப் போகும். சிற்பத்தின் கதை இன்னும் மோசம்: உள்ளே இரும்புக் கம்பி வைத்துச் சீமெந்தால் செய்த உருவத்தை முற்றத்தில் நிறுத்தினால், உப்பு உள்ளிறங்கிக் கம்பி துருவேறி வீங்கி, முதலிலே விரலும் பிறகு முழங்கையுமாகச் சீமெந்து வெடித்து விழும். எனவே சுவரை ஒதுக்குவதோடு கடமை முடிந்ததென்று எண்ணாமல், பராமரிப்புக்கென ஒருவரைப் பொறுப்பாக்குவதும், இங்குள்ள காற்றுக்கு ஏற்ற மரம், கருங்கல், சுடுமண் முதலிய சாதனங்களைச் சிற்பிகளோடு கலந்து தேர்வதும் அவசியம்.

தெரிவு செய்வதிலேதான் உண்மையான தகராறு வரும். இன்னாருக்கு வேண்டியவர், இன்னாரின் மருமகன் என்ற சிபாரிசு நுழைந்தால், கலைக்கூடம் இன்னொரு நியமனப் பட்டியலாகிவிடும். அமெரிக்காவிலே, பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின், 1934 முதல் 1943 வரை, சிற்றூர் அஞ்சலகங்களுக்கென ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவரோவியங்களையும் சிற்பங்களையும் அரசாங்கம் செய்வித்தபோது, பெரும்பாலும் பெயர் மறைத்து அனுப்பிய வரைவுகளிலிருந்தே தெரிவு நடந்தது. பிரான்ஸ் தேசமோ 1951 முதல் பாடசாலைக் கட்டிடங்களின் செலவிலே நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைப் படைப்புக்கென ஒதுக்கி, நாளடைவில் அந்த விதியை ஏனைய அரசாங்கக் கட்டிடங்களுக்கும் விரித்தது. பெயர் மறைத்தல், செலவிலே ஒரு பங்கு என்ற இவ்விரண்டையும் நாமும் எடுத்தாளலாம். திறப்பு விழாப் பெயர்க்கல்லுக்குச் செலவாகும் பளிங்கை மிச்சப்படுத்தினாலே தொடக்கத்துக்குப் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சமயத்தை முன்வைத்து ஓர் ஆட்சேபம் எழும். முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் நகரத்தின் பொதுக் கூடத்திலே மனித உருவச் சிற்பம் தகுமா என்று கேட்பவரின் மனத்தை நான் அலட்சியம் செய்ய விரும்பவில்லை. ஆனால் அரபு எழுத்தணிக் கலையும், கணித ஒழுங்கிலே விரியும் கொடிக்கோலங்களும் உலகத்தின் மகத்தான சித்திர மரபுகளுள் ஒன்று அல்லவா? அவற்றிலே தேர்ச்சியுள்ளவர்களுக்கும் அதே சுவரில் சம இடம் கொடுப்போம்; வழிபாட்டுக்கு உரிய மூர்த்தங்களைக் கோயிலுக்கும் ஆலயத்துக்கும் விட்டுவிட்டு, களப்பும் உப்பளமும் கரைவலையும் தென்னந்தோட்டமும் தொழிலாளர் வாழ்வும் கூடத்துக்கு வரட்டும். 2019-ன் இறுதி மாதங்களிலே நாடெங்கும் வாலிபர்கள் வர்ணவாளிகளோடு புறப்பட்டு வீதிச் சுவர்களைச் சித்திரமாக்கியபோது, உற்சாகத்துக்குக் குறைவிருக்கவில்லை. பலவற்றிலே ஒரு சாராரின் சரித்திரமும் வெற்றியுமே இடம்பிடித்தன என்ற மனக்குறையும் எழாமலில்லை. நான்கு மதத்தவரும் இரு மொழியினரும் கலந்து வாழும் இந்த மாவட்டத்திலே, தெரிவுக் குழுவிலும் அந்தக் கலப்பு இருந்தாலன்றி, அதே குறை கூரைக்கு உள்ளேயும் வந்து சேரும்.

மாவட்டத்தின் 16 பிரதேச செயலகங்களிலும் ஒரே நாளில் தொடங்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை; அப்படித் தொடங்கியவை ஒரே நாளில் முடிந்துபோனதையும் கண்டிருக்கிறோம். மாவட்டச் செயலகத்தின் காத்திருப்புக் கூடம், ஒரு நூலகம், ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதி என மூன்றே இடம் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படைப்புகளை மாற்றலாம். ஒவ்வொன்றின் கீழும் செய்தவரின் பெயர், ஊர், விலை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைத்து, விற்ற பணம் முழுவதையும் கலைஞரிடமே சேர்ப்பிக்கலாம். கலாசார உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு பிரதேசத்திலும் ஏற்கெனவே பதவியில் இருக்கிறார்கள்; சுவர்களும் இருக்கின்றன. மாவட்டச் செயலாளர் அவர்கள் வரும் வருடத்து வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்பே இவர்களையும் கலைஞர்களையும் ஒரே மேசைக்கு அழைத்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.