இந்தப் பாதைக்கு யார் பொறுப்பு?

லயத்திலிருந்து வீதிக்கு இறங்கும் படிப்பாதை மழையில் அரித்துப் போய்விட்டது. நிறைமாதக்காரியை இறக்க நாலு பேர் தோள் கொடுக்க வேண்டியிருக்கிறது. துரையிடம் கேட்டால், "சபைக்குப் போங்கள்." பிரதேச சபையில் கேட்டால், "அது தோட்டத்துக் காணி." ஓட்டுக் கேட்க மட்டும் அதே பாதையில் ஏறி வரத் தெரிகிறது!

கம்பனிக்குக் காணி சொந்தமல்ல. 1992இல் நிர்வாகத்தை ஏற்ற கம்பனிகள் இன்றும் குத்தகைக்காரர்தான். நிலம் பெரும்பாலும் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் பேரில் இருக்கிறது. தோட்டத்துக்குள் செலவு செய்யாமலிருக்க, 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைச் சபைகள் சாக்காகக் காட்டின. அதையும் 2018இல் திருத்தியாயிற்று. திருத்திய பிறகும் பழைய பாட்டையே பாடினால் நாம் தலையாட்ட வேண்டுமா?

தோழர்களே, இனி எழுத்தில் கேட்போம். பாதை யார் பொறுப்பு, சபையின் பதிவில் உண்டா, கடைசியாக எப்போது செலவழித்தார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் சபை தன் முடிவைச் சொல்லியாக வேண்டும். காணி வைத்திருக்கும் அரச நிறுவனத்துக்கும் இதே விதிதான். ஏன் கேட்கிறோம் என்று நாம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்மார் அடுத்த கூட்டத்துக்குப் பாதையின் படத்தோடு வரவும். கடிதத்தை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குவோம்.