தையல் மெஷின் கொடுத்தால் போதுமா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெண்களுக்கு உதவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது தையல் மெஷின்தான். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு அதை இலவசமாகத் தருகிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களிலும் தையல் வகுப்பு உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் சாதாரண மெஷினில் மாட்டியிருப்பது நேர்த்தையலுக்கான ஃபுட், அதாவது ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம். அதை வைத்துப் பழகியவர் தலையணை உறையும் பாவாடையும் தைப்பார். தெருவுக்கு நாலு பேர் அதைத் தைக்கும்போது கூலி எப்படி உயரும்? வளைவுத் தையலையும் அதற்கான ஃபுட்களையும் பயிற்சியின் நடுவில் வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

வளைவு ஏன் கடினம் என்பதை ஒட்டுத்துணிப் போர்வையான கில்ட்டில் தெளிவாகப் பார்க்கலாம். கால்வட்டத் துண்டு ஒன்றை, அதே அளவுக்குக் குழிவாக வெட்டிய இன்னொரு துண்டோடு சேர்க்க வேண்டும். தைக்கும் கோடு இரண்டிலும் ஒரே நீளம்தான். ஆனால் தையலுக்கென்று கால் அங்குலம் விட்டு வெட்டும்போது குவிந்த துண்டின் விளிம்பு நீள்கிறது, குழிந்த துண்டின் விளிம்பு குறுகுகிறது. கணக்குப் போட்டால் கால்வட்டத்துக்கு முக்கால் அங்குலத்துக்கும் சற்று அதிகமான வித்தியாசம். வட்டம் பெரிதோ சிறிதோ, இந்த அளவு மாறாது. அதனால்தான் சிறிய வட்டம் அதிகம் படுத்துகிறது. மிச்சத் துணியைச் சுருக்கம் விழாமல் உள்ளடக்குவதுதான் வித்தை. நீண்ட விளிம்பைக் கீழே வைத்தால் மெஷினின் பல் அதை மெல்ல இழுத்து உள்வாங்கும். மேல் துணியைக் கை திருப்பிக் கொடுக்கும். ஓரத்தில் தடுப்புள்ள கால் அங்குல ஃபுட் விளிம்பு விலகாமல் காக்கிறது. வளைவுக்கென்றே வரும் ஃபுட்டில் முன்பகுதி குட்டையாக இருப்பதால் ஊசிக்கு வெகு அருகில்வரை துணியைத் திருப்ப முடிகிறது. அடுக்குகளைச் சேர்த்துத் தைக்க, மேல் துணியையும் நகர்த்தும் ஃபுட் தனியாக உண்டு.

நம் டெய்லர்கள் எந்த ஃபுட்டும் இல்லாமலே பிரின்சஸ் கட் பிளவுஸும் கைக்குழியும் தைக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மை, அதுவும் இதே கணக்குதான். ஆனால் பத்து வருடம் பழகிய கையின் சாமர்த்தியம் அது. மூன்று மாத வகுப்பில் வந்த பெண்ணுக்கு அந்தப் பத்து வருடத்தை யார் தருவது? ஒரு பிளவுஸில் நூலளவு பிசகினால் உடம்பு மன்னித்துவிடும். நூறு துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய ஆர்டரில் மன்னிப்பு கிடையாது. இந்த வெயிலில் கில்ட் யாருக்கு என்ற கேள்வியும் நியாயமே. உள்ளூரில் அதற்குச் சந்தை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்யும் கரூர் தொலைவில் இல்லை. வளைவைக் கற்க அதைவிடப் பெரிய காரணம், இதே மாவட்டங்களுக்கு வரும் காலணித் தொழில். எறையூர் சிப்காட்டில் காலணி உற்பத்தி வந்துவிட்டது. ஜெயங்கொண்டத்தில் தைவான் நிறுவனத்தின் ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அச்சில் வார்க்கும் செருப்புக்குத் தையல் அதிகம் வேண்டாம். ஆனால் ஷூவின் மேற்பகுதியில் நேர்க்கோடு காண்பதே அபூர்வம். ஷூ ஆலையில் தைக்கும் மேடை தூண்போல் உயர்ந்த மெஷினும் உருளை ஃபுட்டும் இருக்கும். கருவி வேறானாலும் வளைவை வாங்கிக்கொள்ளும் கைப்பழக்கம் ஒன்றே. அது இல்லாதவர்களுக்கு ஆலைக்குள் பொட்டலம் கட்டும் வேலைதான் மிஞ்சும்.

செலவு ஒரு தடையல்ல. மெஷின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று ஃபுட்களின் விலை சொற்பம். ஃபுட் வாங்கிக் கொடுத்தும் பெட்டியிலேயே கிடக்கும் என்ற சந்தேகத்தில்தான் வலு இருக்கிறது, ஏனென்றால் சொல்லித் தர ஆசிரியருக்கே பழக்கம் வேண்டும். பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்களின் அனுபவசாலிகளை அழைத்து முதலில் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். சான்றிதழுக்கான தேர்வையும் மாற்ற வேண்டும்: ஒரு கால்வட்ட இணைப்பைத் தைத்து மேசையில் விரிக்கட்டும், சுருக்கம் விழாமல் சமமாகப் படிந்தால் தேர்ச்சி.