இலவசம் எதுவரைக்கும்?

போன மாசம் எங்க தெரு முக்குல ஒரு கலர் குடை முளைச்சது. குடைக்குக் கீழே ஒரு ஸ்டூல், ரெண்டு பையன்கள், ரேகை வைக்கிற மிஷின். "புது கம்பெனிக்கா. போனு, டிவி ரெண்டும் ஒரே சிம்முல. மூணு மாசம் பைசா கிடையாது." மத்தியானத்துக்குள்ள முப்பது நாப்பது பேர் வரிசையில நின்னாங்க. எங்கம்மாவும் நின்னாங்க. களை பறிச்சும் கரும்பு வெட்டியும் தேய்ந்துபோன விரல் அவர்களுடையது. மிஷினில் ரேகை விழவில்லை. "இன்னொரு தடவ வைங்கம்மா" என்று நாலு தடவை வைக்கச் சொன்னான் பையன்.

நான் போய்க் கேட்டேன்: "நாலு தடவ வச்சாங்களே, ஒவ்வொண்ணுக்கும் என்ன பதிவாச்சு?" அவனுக்குத் தெரியவில்லை. மூணு மாசம் கழிச்சு எவ்வளவு என்று கேட்டேன். அதுவும் தெரியவில்லை. அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. சிம்முக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன், பக்கத்து ஊர்ப் பையன். ஆனால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓசியில தரான், வாங்கிட்டுப் போவியா. படிச்சவன்னாலே எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்கிறது." அவருக்குச் சொல்ல நினைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இலவசம் என்று வந்தவர்களை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தது. டிசம்பர் 31 வரைக்கும் எல்லாம் இலவசம் என்றார்கள். பிறகு அதை 2017 மார்ச் 31 வரை நீட்டினார்கள். போன் பேச இனிமேல் காசே கிடையாது என்பதும் அப்போது சொன்னதுதான். 2019 அக்டோபரில் வேறு கம்பெனி நம்பருக்குப் பேசினால் நிமிஷத்துக்கு 6 பைசா என்று வந்தது. 2021 தொடக்கத்தில் அதை எடுத்தார்கள். ஆனால் ரீசார்ஜ் விலை 2019 டிசம்பரில் ஏறியது, 2021 டிசம்பரில் ஏறியது, 2024 ஜூலையில் மறுபடியும் ஏறியது. அந்தக் கடைசி ஏற்றத்தில் 155 ரூபாய் மாதப் பேக் 189 ஆனது. மாதம் என்றால் அவர்கள் கணக்கில் 28 நாள். வருஷத்துக்கு 12 ரீசார்ஜ் இல்லை, 13.

இதனால் நமக்கு நன்மையே இல்லையா? உண்டு. நெட்டைத் தொட்டே பார்க்காத வீடுகளுக்கு நெட் வந்தது. விடுதி மாணவன் செல்போனிலேயே பாடம் பார்த்தான். அதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் விலைப் போட்டியில் பல கம்பெனிகள் மூடிப்போய், தனியாரில் மூன்று பெரிய கம்பெனிகள்தான் மிஞ்சின. 2024 ஜூலையில் அந்த மூன்றும் சேர்ந்தாற்போல் விலையை ஏற்றியபோது போக்கிடம் பிஎஸ்என்எல் ஒன்றுதான். இலவசம் என்பது நமக்குத் தந்த தர்மம் இல்லை, சந்தையைப் பிடிக்கப் போட்ட முதலீடு. முதல் போட்டவன் வசூலிக்காமல் போவானா?

'விலையில்லா' போன் கதையும் அப்படித்தான். 2017 ஜூலையில் ஜியோபோனை அறிவித்தபோது 1500 ரூபாய் டெபாசிட், மூன்று வருஷம் கழித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தால் பணம் முழுசாக வரும் என்றார்கள். பிறகு வந்த நிபந்தனையில் வருஷத்துக்குக் குறைந்தது 1500 ரூபாய் ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும் என்று இருந்தது. அறிவிப்பு பெரிய எழுத்தில் வரும். நிபந்தனை பொடி எழுத்தில் வரும். பொடி எழுத்தைப் படித்துச் சொல்ல நம் வீடுகளில் ஆள் குறைவு.

கம்பெனி மூடினால் என்ன ஆகும்? 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சிக்னல் ஊர் ஊராக நின்றது. டவர்காரர்களுக்குப் பாக்கி, தலைக்கு மேல் கடன். அந்த மாதக் கடைசியில் திவால் மனு. நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமானால் 1900க்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாதவன் எங்கிருந்து அனுப்புவான்? வசதியுள்ளவனிடம் இரண்டாவது சிம் இருக்கும். நமக்கு இருப்பது ஒரு நம்பர். பாங்க் மெசேஜ், ஸ்காலர்ஷிப் ஓடிபி, கொத்தனார் வேலைக்குக் கூப்பிடுவது எல்லாம் அதில்தான் வரும்.

டிவிக்கும் இதே கேள்விதான். 2023, 2024 ஐபிஎல் ஆட்டங்களை ஜியோசினிமாவில் இலவசமாகப் பார்த்தோம். 2025 பிப்ரவரியில் அது ஹாட்ஸ்டாரோடு இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. அந்த வருஷ ஐபிஎல்லை முழுசாகப் பார்க்க சந்தா கட்ட வேண்டும், இல்லையென்றால் அதற்கென்று சொன்ன ரீசார்ஜைப் போட வேண்டும். போனும் டிவியும் ஒரே கையில் இருந்தால், ரீசார்ஜ் போடாத அன்றைக்கு ரெண்டும் சேர்ந்து போகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது அந்த ரேகை மிஷின்தான். சிம்முக்காக ஆதார் சரிபார்த்தவர்கள் பேரில் அவர்களுக்குத் தெரியாமலே ஏர்டெல் பேமென்ட்ஸ் பாங்கில் கணக்குத் திறந்தார்கள், காஸ் மானியம் அந்தக் கணக்குக்குப் போனது என்ற புகாரில், 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் ஏர்டெல்லின் ஆதார் சரிபார்ப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. சுமார் 190 கோடி ரூபாயைத் திருப்பித் தர ஏர்டெல் ஒத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய கம்பெனியிலேயே இந்தக் கதை என்றால், நேற்று வந்த குடைக்காரனை நான் கேள்வி கேட்கக் கூடாதா?

அன்று சாயங்காலம் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மா பேரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்த்தேன். பழைய நம்பர் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பையன் எதையும் திருடவில்லை. சந்தோஷம். அதற்காக நான் கேட்டது தப்பாகிவிடாது. நஷ்டத்தைத் தாங்கக்கூடியவன் கேட்காமல் வாங்கலாம். நம்மால் முடியாது. சந்தேகப்படுவதை அறியாமை என்று எவன் சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

தோழர்களே, படிக்கிற பிள்ளைகளே, உங்கள் தெருவிலும் இந்தக் குடை வரும். வாங்காதே என்று யாரையும் தடுக்க வேண்டாம். பக்கத்தில் போய் நில்லுங்கள். இலவசம் முடிந்த மறுநாள் விலை என்ன, டவர் யாருடையது, ரீசார்ஜ் நின்றால் இன்கமிங் எத்தனை நாள் வரும், பழைய நம்பரை மாற்ற முடியுமா, ரேகையை வைத்து வேறு என்ன திறக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால், வரிசையில் நிற்கிறவர்களுக்கு அதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.