கயிறு யார் கையில்?

இளைஞர்கள் அரசியலுக்கு வரலாமா, கூடாதா என்று நம்மவர்கள் ஓயாமல் பட்டிமன்றம் நடத்தி வருகிறார்கள். எனக்கு இந்தக் கேள்வியே பிடிப்பதில்லை. மழை வரலாமா கூடாதா என்று யாராவது தீர்மானம் போடுவார்களா? பதினெட்டு வயதில் அநியாயத்தைக் கண்டால் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும்; கொதிக்காவிட்டால் பையனை வைத்தியரிடம் காட்ட வேண்டும். வருகிறவன் வந்துகொண்டுதான் இருப்பான். வந்தவனை வாங்கிக்கொள்கிற இயக்கம் அவனை என்ன செய்கிறது? இதைக் கேட்டால் மேடையில் இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே ஆண்டு இடைவெளியில் அந்தச் சீமையில் இரண்டு பள்ளிக்கூடங்கள் நடந்தன. அரசியல் பள்ளிக்கூடங்களைத்தான் சொல்கிறேன்.

முதல் பள்ளிக்கூடம் கடற்கரை மணலில் நடந்தது. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது பங்கு ஒன்று 25 ரூபாய். பங்கு விற்கப் போகிறவன் முன்பின் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் ஏறி, கப்பல் எதற்கு, கட்டணம் எவ்வளவு, லாபம் யாருக்கு என்று விளக்கியாக வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பிள்ளையும், அப்போது 23 வயதே ஆகியிருந்த சுப்பிரமணிய சிவாவும் கடற்கரையில் பேசினார்கள். பேச்சோடு காரியம் முடியவில்லை. வேலையை விட்டு வந்தவனுக்குச் சோறு வேண்டும். நன்கொடை திரட்ட வேண்டும். நகரத்திலேயே அவனுக்கு வேறு வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும் அரசியல் அல்ல அது. பத்து நாளுக்குள் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

இந்தப் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியவன் வெள்ளைக்காரன். இதை மறந்துவிட்டு இளைஞர்களின் அவசரபுத்தியைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மார்ச் 12 அன்று பிள்ளையும் சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர் போயிற்று. ஜூலையில் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதாவது நாற்பது வருஷம், என்று தீர்ப்பாயிற்று. பின்னால் அது குறைக்கப்பட்டது என்றாலும், அன்று அந்தச் செய்தியைக் கேட்ட பையன்களுக்கு நாற்பதுதான் கணக்கு. கப்பல் கம்பெனியும் முழுகிப் போயிற்று. வெட்டவெளியில் பேசினால் நாற்பது வருஷம் என்றால், பேச நினைக்கிறவன் எங்கே போவான்? கதவைச் சாத்திய அறைக்குத்தான் போவான்.

அந்த அறைதான் இரண்டாவது பள்ளிக்கூடம். நீலகண்ட பிரம்மச்சாரி என்ற இருபது வயது வாலிபர் ஊர் ஊராகச் சுற்றி ஆள் சேர்த்தார். 1910-ல் தென்காசியில் நடந்த சடங்கைப் பற்றி வழக்கில் சாட்சி சொல்லப்பட்டிருக்கிறது. காளி படத்தின் முன்னால் உட்கார்ந்து, வெள்ளையன் ரத்தம் என்று பாவித்துக் குங்குமத் தண்ணீரைக் குடித்து, விரலைக் கீறிக் காகிதத்தில் ரத்த அடையாளம் வைத்தார்களாம். சொன்னது அப்ரூவராக மாறியவர். உப்பும் காரமும் கூடியிருக்கலாம். ஆனால் முழுவதும் கற்பனை என்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. இது எல்லாக் காலத்து இயக்கங்களுக்கும் பழக்கமான சரக்கு. ரகசியம் ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும், பையன் தன்னை ஊரிலிருந்து பிரித்துக்கொண்டு விடுவான்.

வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர்; புனலூரில் காட்டிலாகா வேலை. அவரை அந்த வட்டத்துக்குள் கொண்டுவந்தவர் மைத்துனர் சங்கரகிருஷ்ணன். இதைப் படித்தபோது எனக்குத் தூத்துக்குடி முத்துச் சிலாபம் நினைவுக்கு வந்தது. 1961-ல் கடைசிச் சிலாபம் நடந்தது; அதோடு சரி. கல்லைக் கட்டிக்கொண்டு குளிகாரன் இறங்குவான். மேலே தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். மற்றவன் அசந்துவிடலாம், உடன்பிறந்தவள் தாலி கயிற்றில் ஆடும்போது மச்சான் அசரமாட்டான். வாஞ்சி விஷயத்திலும் மச்சான்தான் இறக்கினார். மேலே இழுப்பதற்குத்தான் கயிறே இல்லை.

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சி தன்னையும் சுட்டுக்கொண்டார். வயது 25. சட்டைப்பையிலிருந்த கடிதத்தில், மன்னர் ஜார்ஜ் வந்து இறங்கியதும் கொல்ல 3000 பேர் சபதம் செய்திருப்பதாக எழுதியிருந்தது. வழக்கில் கூண்டில் நின்றவர்கள் 14 பேர். வெள்ளையனை மிரட்ட எழுதிய தொகை என்பார்கள். இருக்கலாம். ஆனால் சாகப் போகிறவனே அதை நம்பியிருந்தால்? கடற்கரைக் கூட்டத்தில் தலைகளை யாரும் எண்ணிவிடலாம். மூடிய அறையில் சொன்னதுதான் கணக்கு. இன்னொன்றும் கவனித்தேன்: கடற்கரையில் கூலியும் விடுமுறையுமாக இருந்த விவகாரம், அந்தக் கடிதத்தில் சனாதன தர்மமும் மிலேச்சனுமாக மாறிவிட்டது.

நீலகண்டருக்கு 7 ஆண்டு தண்டனை. சுகவாசியாக வாழ்ந்தவர் அல்ல. மறுபடியும் சிறை கண்டவர். கடைசியில் சாமியாராகி நந்தி மலையில் 1978 வரை இருந்தார். அவரை நான் வில்லனாக்கவில்லை. அவரும் பையன்தானே?

என் சண்டை பின்னால் வந்தவர்களோடு. அடக்குமுறையில் பிறந்த அந்த இரண்டாவது பள்ளிக்கூடத்தைச் சுதந்திர நாட்டில், மேடை போட்டு, மைக் வைத்து நடத்துகிறார்கள்! வாஞ்சியின் பெயர் ரயில் நிலையத்துக்கு இருக்கிறது, இருக்கட்டும், நல்லதே. கோரல் மில்லில் கூலி உயர்வு வாங்கிய தொழிலாளி ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. செத்தவனைத்தான் நமக்குத் தெரியும். 1964 ஜனவரியில் திருச்சியில் சின்னசாமி தீக்குளித்தார். 2009 ஜனவரியில் ஈழத்துக்காகச் சென்னையில் தீக்குளித்த முத்துக்குமார் இதே தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளை. அவர்களுடைய வேதனை உண்மையானது. அதைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் சவ ஊர்வலத்துக்குக் கொடியோடு வருகிற தலைவர்கள், அந்தப் பிள்ளை உயிரோடு இருந்தபோது அவனுக்கு என்ன வேலை வைத்திருந்தார்கள்? போஸ்டர் ஒட்டுவதும் கோஷம் போடுவதும் தவிர?

2018-ல் அ. குமரெட்டியாபுரத்தில் ஜனங்கள் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக உட்கார்ந்தபோது கட்சிக்காரனிடம் உத்தரவு கேட்கவில்லை. நூறாவது நாளான மே 22 அன்று கலெக்டர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். போலீஸ் சுட்டதில் 13 பேர் மாண்டார்கள். அதில் ஒருத்திக்கு வயது 17. உடனே கிளம்பிற்று பழைய கேள்வி: யார் தூண்டிவிட்டார்கள்? 1908-லும் இதைத்தான் கேட்டார்கள். காற்றும் தண்ணீரும் கெட்டால் ஒரு பெண்ணுக்குத் தானாகக் கோபம் வரும் என்று சர்க்காருக்கும் நம்பிக்கையில்லை, கட்சிகளுக்கும் நம்பிக்கையில்லை.

நமக்கு மட்டும் இருக்கிறதா? ஊரான் வீட்டுப் பிள்ளை செத்தால் கண்ணீர் வடிக்கிறோம், நம் வீட்டுப் பிள்ளை ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால், “யாருடா உன்னைக் கெடுத்தது?” என்கிறோம். அதை விட்டுவிட்டு வேறு கேளுங்கள். வசூலித்த பணத்துக்குக் கணக்கு யார் எழுதுகிறார்கள்? எதிர்த்துப் பேசியவனை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டார்களா? தலைவரின் மகன் எந்த ஊரில் படிக்கிறான்? பையன் பதில் சொல்லத் தடுமாறினால், அடுத்த கூட்டத்துக்கு அவனோடு நீங்களும் போய் உட்காருங்கள்.