ஓராண்டுத் தலைமை

கல்லூரிச் சேவைக் கழகங்களுக்குப் புதிய நிருவாகிகளைத் தெரிவுசெய்யும் காலம் வந்துவிட்டால், மாணவர் நம்மிடம் வந்து கேட்கும் வினா பெரும்பாலும் ஒன்றே: "இந்த வருசம் எத்தனை புரொஜெக்ட் செய்யலாம், சேர்?" அந்த 'எத்தனை' நம்மைச் சற்றே வருத்துகின்றது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி வழங்கல், தெஹிவளைக் கடற்கரைத் துப்புரவு, இரத்ததானம், முதியோர் இல்லத்துக்கு ஒரு பகலுணவு என்று பட்டியல் நீளுகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒரு பதாகை, ஒரு புகைப்படம். ஆண்டறிக்கை தடிக்கின்றது, மறுநாள் அவ்விடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரியும் இராது.

இவ்விடயத்தில் நமது நாட்டிலேயே ஓர் அரிய முன்மாதிரி உண்டு. கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, 1958 டிசெம்பரில், தம் மாணவர் சிலரையும் சக ஆசிரியர் சிலரையும் அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்னும் சிற்றூருக்குச் சென்றார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தேழு. அவ்வூரார் 'ரொடி' என்று ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள். கண்டி மன்னர் காலந்தொட்டு நிலம் வைத்திருக்க உரிமையின்றி, மேலாடை அணியவும் தடைசெய்யப்பட்டு, இரந்துண்டு வாழும்படி விதிக்கப்பட்டவர்கள். நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் அவர்கள் நடுவே தங்கினர், அவர்களோடு உண்டனர், மண்வெட்டி பிடித்து அவர்களோடு தோளுக்குத் தோள் நின்று உழைத்தனர். பண்டமாகக் கொண்டுபோய்க் கொடுத்து விட்டு மாலையில் திரும்பியிருந்தால் அஃது இன்று எவர் நினைவிலும் இராது.

அம்முகாமிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. அதன் தலைமையகம் நமக்கு வெகு தொலைவிலன்று; தெஹிவளையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே போனால் மொறட்டுவையில் இருக்கின்றது. ஆரியரத்ன 1969 இல் மக்சாசே விருதும், 1996 இல் இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசும் பெற்று, 2024 ஏப்பிரலில் மறைந்தார். 'சிரமதானம்' என்னும் சொல்லைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். பெரும்பாலும் வகுப்பறை கூட்டும் நாள் என்ற பொருளில்!

இயக்கத்தார் தம் முகாம்களுக்குப் பௌத்த மரபிலிருந்து நான்கு நெறிகளை எடுத்துக்கொண்டனர்: தானம், பிரியவசனம், அர்த்தசரியை, சமானாத்மதை. அதாவது பகிர்தல், இன்சொல், பயனுள்ள செயல், சமமாக நடத்தல். நமது கழகங்கள் முதலாவதையும் மூன்றாவதையும் ஒருவாறு செய்துவிடுகின்றன. மற்ற இரண்டுமே கடினமானவை. சர்வோதய முகாம்களில் யாவரும் ஒருவரையொருவர் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்றே அழைப்பர். வேலைக்கிடையே 'குடும்பக் கூட்டம்' கூடுவர். அங்கே ஊர்க் கிழவியும் பேசுவாள், மாணவனும் பேசுவான். நமது கொப்பி வழங்கும் விழாவிலோ பிரதம விருந்தினர் பேசுகின்றார், தலைவர் பேசுகின்றார், செயலாளர் நன்றியுரை சொல்கின்றார். கொப்பி வாங்கும் பிள்ளை பேசக் கண்டோமில்லை.

வாங்குவோர் நிலை நமக்கு அந்நியமானதன்று. அதே 1958 ஆம் ஆண்டு மே மாதக் கலவரத்தில் கொழும்புத் தமிழர் அகதிகளாகிக் கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தனர். 1983 யூலையில் இரத்மலானை விமான நிலையமே ஒரு முகாமாயிற்று. உணவுப் பொதிக்கு வரிசையில் நின்ற பெரியோர் வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் இன்றும் பல வீடுகளில் உளர். அவர்கள் கதை சொல்லும்போது கவனித்திருக்கின்றோம்: பாணும் பருப்பும் ஓரிரு சொல்லில் முடிந்துவிடும், பொதியை நீட்டியவர் என்ன சொல்லி அழைத்தார் என்பதே நீளும். புதிய தலைவர்கள் முதற் கூட்டத்துக்கு முன் இத்தகைய பாட்டி ஒருவரிடம் ஒரு மாலை போய் இருந்து கேட்பது நலம்.

இனி, செய்யும் வேலையைப் பற்றி. நமது பகுதிக்கு மிகவும் ஏற்றது டெங்கு ஒழிப்பு. 2017 இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். கொழும்பு மாவட்டமே முன்னணியில் நின்றது. இந்நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வருடத்துக்கொரு முறை நூறு மாணவர் சட்டை அணிந்து ஊர்வலம் போவதைவிட, ஒரே ஒழுங்கைக்குப் பத்து மாணவர் கிழமைதோறும் போவது பன்மடங்கு மேல். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீரை ஊற்றிவிட்டாற் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னுள்ள தட்டு, சிரட்டை, கூரைப் பீலி ஆகியவற்றை வீட்டுக்காரரோடு நின்று பார்க்கவேண்டும். தனியே இருக்கும் முதியவர் ஏணியில் ஏறிப் பீலியைத் துப்புரவு செய்ய இயலுமா? மாணவன் ஏறலாம். மூன்றாம் கிழமை அவ்வம்மா அவனைப் பெயர் சொல்லி அழைப்பார், தேநீரும் வரும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு. றோட்டறி, லயன்ஸ் சார்ந்த கழகங்களில் ஆண்டு யூலை முதலாந் திகதி தொடங்குகின்றது. தென்மேற்குப் பருவ மழையோடு டெங்கு பெருகும் காலமும் அதுவே. பழைய தலைவர் விலகி, புதியவர் பதவியேற்பு விழாவுக்கு மாலை தேடும் அதே நாட்களில் ஒழுங்கை கைவிடப்படுகின்றது. ஆயினும் ஆண்டுக்கொரு தலைவர் என்ற முறையால் வேலை முறியத்தான் வேண்டும் என்பதில்லை. றோட்டறிக் கழகத்தார் 1985 இல் போலியோ ஒழிப்பை மேற்கொண்டனர். அன்று தொட்டுத் தலைவர்கள் ஆண்டுதோறும் மாறினர், வேலையை மாற்றவில்லை. 2014 இல் இலங்கையையும் உள்ளடக்கிய தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கிற்று.

ஆதலின் மாணவத் தலைவர்களிடம் நாம் கேட்பது ஒரு கொப்பி. எந்த ஒழுங்கை, எந்த வீடு, எந்த வீட்டில் நாய் உண்டு, எந்தப் பீலி எப்பொழுதும் அடைத்துக்கொள்ளும், எவருக்குக் காது மந்தம், எவர் பிற்பகலில் உறங்குவார் என்பனவெல்லாம் அதில் எழுதியிருக்கட்டும். யூன் மாதத்திலேயே புதிய தலைவரை உடனழைத்துக்கொண்டு போய், ஒவ்வொரு படலையிலும் நின்று, "அடுத்த கிழமை தொடக்கம் இந்தத் தம்பி வருவார், அம்மா" என்று சொல்லிவிட்டு அக்கொப்பியைக் கைமாற்றட்டும். பதவியேற்பு விழாவைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.